[கலைச்சொல்] வாலட்: பணப்பையா, சாவிக்கொத்தா?

அனுப்பியவர்: ரோஸ் ஹில்
27 டிசம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். வழக்கம்போல அவரவர் ஊர்ப்பெயரிலேயே எழுதுவோம்.

கிரிப்டோ பற்றிய இரண்டு பக்கத் துண்டறிக்கைக்குச் சொற்பட்டியலை இந்த வாரமே முடித்தாக வேண்டும். ஜனவரி 3க்குள் கையில் இருந்தால்தான் பயன். 2009இல் பிட்காயினின் முதல் தொகுதி (பிளாக்) பிறந்த நாள் அது. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் விட்டுவைத்ததை அந்த நாளில் உங்கள் கைக்கு எடுத்துப் பாருங்கள் என்று 2019 முதல் ஒரு வழக்கமும் இருக்கிறது. நம் மொரீஷியஸ் தீவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டிறுதி போனஸில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்பும் மிச்சம் டிசம்பரின் கடைசி வேலைநாளுக்குள்ளும் கைக்கு வந்துவிடும். அக்டோபரில் 1,26,000 டாலரைத் தொட்ட பிட்காயின் இப்போது 90,000க்குக் கீழே கிடக்கிறது. ‘இறங்கியிருக்கும்போதே வாங்கு’ என்கிற விளம்பரம் அந்த போனஸைத்தான் தேடி வரும்.

வரைவில் இருப்பவை இவை. வாலட்: பணப்பை. கோல்டு (cold) வாலட், அதாவது இணையத்தோடு இணைக்காமல் வைப்பது: குளிர்பணப்பை. ப்ரைவேட் கீ: தனிச்சாவி. சீட் ஃப்ரேஸ்: மீட்புச்சொற்கள். ப்ரூஃப் ஆஃப் ரிசர்வ்ஸ்: இருப்புச் சான்று. ஸ்டேபிள்காயின், அதாவது டாலர் போன்ற ஒன்றோடு விலையைக் கட்டிவைத்தது: நிலைநாணயம்.

குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: எபேன்
27 டிசம்பர்

> வாலட்: பணப்பை

ஐயா, பட்டியலின் பெரிய பிழை இதுதான். பணப்பை என்றால் உள்ளே பணம் இருக்க வேண்டும். வாலட்டுக்குள் ஒரு காசும் கிடையாது. எந்த முகவரியில் எவ்வளவு என்கிற கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் படியெடுத்து வைத்திருக்கும் பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பவை 256 பிட் எண்கள். பேரேட்டில் உள்ளதை இடம் மாற்ற ஒப்பமிடும் சாவிகள், அவ்வளவுதான்.

‘பணப்பை’ என்று படித்தவர் என்ன செய்வார் என்று பாருங்கள். கைபேசி கடலில் விழுந்தால் பணம் போயிற்று என்று தலையில் கைவைப்பார். சாவிகளைத் திரும்ப உருவாக்கும் 12 அல்லது 24 சொற்கள் (சீட் ஃப்ரேஸ்) தாளில் பத்திரமாக இருந்தால் வேறு கைபேசியில் எல்லாம் திரும்ப வந்துவிடும். கைபேசி சட்டைப்பையில் இருக்கிற வரை பணமும் பத்திரம் என்றும் நம்புவார். அந்தச் சொற்களைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டிருந்தால், கைபேசி பையில் இருக்கும்போதே முகவரி காலியாகிவிடும். எம்சிபி வங்கியின் ஜூஸ் செயலியில் பழகியவர், அடையாள அட்டையோடு கிளைக்குப் போனால் திறந்துகொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பார். ஜூஸில் கணக்கு எழுதுவது வங்கி, அதனால் வங்கியால் சரிசெய்ய முடிகிறது. இங்கே போய் நிற்பதற்குக் கிளை இல்லை.

என் முன்மொழிவு சாவிக்கொத்து. ‘கொத்து’ சும்மா சேர்த்ததல்ல. அந்தச் சொற்கள் என்கிற ஒரே விதையிலிருந்து (சீட்) எத்தனை சாவிகள் வேண்டுமானாலும் கிளைக்கும். ஒவ்வொரு முறை பெறும்போதும் செயலி புது முகவரி காட்டுவது அதனால்தான். ‘நேற்று இருந்த முகவரி இன்று இல்லையே’ என்று பதறுகிறவருக்கு இந்தச் சொல்லே பாதிப் பதில்.

எக்ஸ்சேஞ்சு செயலியில் தெரிகிற ‘வாலட்’டுக்குச் சாவிக்கொத்து என்று எழுதக் கூடாது. அங்கே சாவி அவர்களிடம் இருக்கிறது. அதற்குப் பழைய ‘கணக்கு’ போதும்.

அனுப்பியவர்: குவாத்தர் போர்ன்
28 டிசம்பர்

சாவிக்கொத்துக்கு என் ஓட்டு. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். லாக்லே (சாவி) வேறு, போர்த்மோனே (பணப்பை) வேறு என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திறவுகோல் என்று மாற்றச் சொல்லி யாரும் மடல் எழுதாதீர்கள். சாவி போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் என்பது தெரியும். கோல் போட்டுத் திறந்த பூட்டும் போய் நாளாகிவிட்டது.

குளிர்பணப்பை வேண்டவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்த பை போல இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். தம்பி ‘ஒப்பமிடும் சாவி’ என்கிறார். சாவி திறக்கும், ஒப்பமிடுமா? முத்திரை என்று சொன்னால் என்ன? முத்திரை மோதிரம் அரசன் விரலில் மட்டும் இருக்கும், அரக்கில் பதிந்ததை ஊரே பார்த்துச் சரிபார்க்கும். ப்ரைவேட் கீயும் பப்ளிக் கீயும் இதைத்தானே செய்கின்றன?

அனுப்பியவர்: எபேன்
28 டிசம்பர்

அம்மா, வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சாவியைவிட முத்திரைதான் பொருத்தம். ஒரே ஒரு இடம் இடிக்கிறது. அரக்கில் பதிந்த அச்சைப் பார்த்துக் கைதேர்ந்த ஒருவன் இன்னொரு மோதிரம் வெட்டிவிடலாம். இங்கே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒப்பம் வேறாகும், அதைப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. திரையெங்கும் ‘கீ’ என்றே இருப்பதால் சாவியை விட்டால் படிப்பவர் திணறுவார். இரண்டையும் கட்டிவிடலாமா? ப்ரைவேட் கீக்கு ஒப்பச்சாவி, பப்ளிக் கீக்குச் சரிபார்ப்புச்சாவி. ‘தனிச்சாவி’ என்றால் ஒற்றைச் சாவி என்றும் படிக்க இடமிருக்கிறது.

கோல்டு வாலட்டுக்கு இணையம் தொடாச் சாவிக்கொத்து. நீளம்தான், ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறது, பாதுகாப்பு என்று வாக்குக் கொடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் ஏறக்குறைய 150 கோடி டாலர் ஈதர் போனது அவர்களுடைய கோல்டு வாலட்டிலிருந்துதான். சாவி இணையத்தைத் தொடவில்லை. ஒப்பமிட்டவர்களின் திரையில் ஒன்று தெரிந்தது, அவர்கள் ஒப்பமிட்டது வேறொன்று.

அனுப்பியவர்: போர்ட் லூயிஸ்
28 டிசம்பர்

கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் இரண்டு ஆட்சேபணைகள்.

> ப்ரூஃப் ஆஃப் ரிசர்வ்ஸ்: இருப்புச் சான்று

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சு திவால் மனு கொடுத்த பிறகு மற்ற எக்ஸ்சேஞ்சுகள் கையிருப்பைக் காட்ட வரிசைகட்டி வெளியிட்ட பட்டியல்தானே இது? அதில் சொத்துப் பக்கம் தெரிகிறது. வாடிக்கையாளர் இருப்புகளை மெர்க்கல் மரத்தில் (எல்லாக் கணக்கையும் ஒரே சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கும் முறை) கோத்து, உங்கள் கணக்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்க வழியும் கொடுக்கிறார்கள். வெளியில் வாங்கிய கடன் எவ்வளவு? அந்தச் சொத்தை அடமானம் வைத்திருக்கிறார்களா? எண்ணிக் காட்டுகிற நாளுக்கு மட்டும் இரவல் வாங்கி வைத்தார்களா? எதற்கும் பதில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் உள்ள ஐந்தொகையைச் ‘சான்று’ என்று எந்தக் கணக்கரும் ஒப்பமாட்டார். இருப்புக் காட்டல் என்று போடுங்கள்.

அடுத்தது ‘நிலைநாணயம்’. தமிழில் நாணயம் என்பதற்கு நேர்மை என்றும் பொருள். ‘நாணயமான ஆள்’ என்று சொல்கிறோம். இன்னும் சம்பாதிக்காத நற்பெயரை இதற்கு நாமே ஏன் கொடுக்க வேண்டும்? நம் நாட்டுச் சட்டமும் இதைப் பணம் என்று அழைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரிலேயே மெய்நிகர் சொத்து என்றுதான் இருக்கிறது. நிதிச் சேவைகள் ஆணையம் அதன்கீழ் கொடுக்கும் உரிமங்களில் வாலட் சேவைக்கு ஓ வகுப்பு, காப்பாளருக்கு ஆர் வகுப்பு. அங்கேயும் காத்துவைப்பதற்குத் தனி உரிமம். தம்பி சொன்ன வேறுபாடு சட்டத்துக்கும் ஒத்துவருகிறது. நோட்டில் தமிழ் எந்த வரியில் வர வேண்டும் என்று 1998இல் போராடி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த ஊர் நம்முடையது. பணத்தின் மேல் எழுதும் சொல்லில் கொஞ்சம் கறாராக இருப்பதில் தவறில்லை.

டோக்கனுக்கு வில்லை என்கிற நல்ல சொல் இருக்கிறது. ஸ்டேபிள்காயினை டாலர் வில்லை என்போம். ‘நிலை’ வேண்டாம். ஒரு டாலரில் நிற்கும் என்று விற்ற டெர்ராயுஎஸ்டி 2022 மே மாதத்தில் சில நாட்களில் சில்லறைக் காசாகிவிட்டது.

அனுப்பியவர்: எபேன்
28 டிசம்பர், இரவு

இருப்புக் காட்டல், டாலர் வில்லை இரண்டும் சரி. எனக்கு மிகவும் உறுத்துவது இது:

> சீட் ஃப்ரேஸ்: மீட்புச்சொற்கள்

‘உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, மீட்க மீட்புச்சொற்களைக் கொடுங்கள்’ என்று மோசடிக்காரன் எழுதுவான். நம் துண்டறிக்கையே அவனுக்கு வசனம் எழுதிக்கொடுத்ததாகிவிடும். விதைச்சொற்கள் என்றால் கேட்டதும் கை தயங்கும். விதையை யார் கேட்டாலும் கொடுப்போமா? கடவுச்சொல்லோடு குழப்பமும் வராது. கடவுச்சொல்லை மாற்றலாம், விதையை மாற்ற முடியாது. வெளியே தெரிந்துவிட்டால் புது விதை போட்டு எல்லாவற்றையும் அங்கே நகர்த்த வேண்டியதுதான்.

துண்டறிக்கையில் இந்தச் சொல்லுக்குக் கீழே வர வேண்டியவை.

சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கக் கூடாது. விதைச்சொற்களை எடுக்கும் 2048 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலில் மின்விளக்கு பல்பும் (bulb) இருக்கிறது, பழக்கூழ் பல்பும் (pulp) இருக்கிறது. தமிழில் இரண்டுமே ‘பல்ப்’. பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது என்கிற பாதுகாப்பும் தமிழில் எழுதினால் கெட்டுவிடும். பொருளை மொழிபெயர்த்து எழுதினால் அதைவிட மோசம்.

அந்தப் பட்டியல் பிரெஞ்சிலும் உண்டு, தமிழில் இல்லை. இங்கே பலருடைய கைபேசி பிரெஞ்சில் இருக்கிறது. பிரெஞ்சுச் சொற்களில் விதை போட்டால், ஆங்கிலப் பட்டியல் மட்டும் தெரிந்த வேறு செயலியில் அது முளைக்காது. ஆங்கிலத்திலேயே போடச் சொல்லுங்கள்.

25ஆம் சொல் என்று சிலர் கூடுதலாக ஒரு கடவுத்தொடர் வைப்பார்கள். அதைத் தமிழில் வைக்க ஆசை வரும், வேண்டாம். சாவியை வைத்திருக்கும் தனி வன்கருவிகளில் பல ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும். தமிழை ஏற்கும் செயலியிலும் ‘கொ’ போன்றவற்றின் இருவகைக் குறியேற்றம், தரத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால்தான் ஒன்றாகும். ‘ஸ்ரீ’ எப்படியும் ஒன்றாகாது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும் ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கைபேசி மாறினால் விசைப்பலகை மாறும், வேறு குறி விழும். தவறான கடவுத்தொடருக்குப் பிழைச்செய்தியும் வராது. காலியான வேறொரு சாவிக்கொத்து அமைதியாகத் திறக்கும்.

இப்போது ஜனவரி 3 வேலை. புதுக் கருவியில் விதை போட்டு, சொற்களை வரிசை எண்ணோடு பேனாவால் எழுதுங்கள். முதல் பெறும் முகவரியைத் தனியாகக் குறித்துக்கொண்டு கருவியை முழுதாக அழியுங்கள். பிறகு தாளைப் பார்த்தே திரும்ப ஏற்றுங்கள். அதே முகவரி வந்தால் மட்டும் அடுத்த படி. ‘சொற்கள் சரி’ என்று கருவி சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். 12 சொல் விதையில் சரிபார்ப்புக்கு 4 பிட்தான் இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தாலும் ஏறக்குறைய 16இல் ஒரு முறை ‘சரி’ என்றே வரும். 24 சொற்களுக்கு 8 பிட், 256இல் ஒன்று. உள்ளே எதுவும் வருவதற்கு முன்பே அழித்துப் பார்ப்பதால், தாளில் பிழை இருந்தால் போவது பத்து நிமிட வேலை மட்டும்.

பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து சிறு தொகையை அனுப்புங்கள். முகவரியைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது, கருவியின் திரையிலும் ஒப்பிடுங்கள். தொடக்கமும் முடிவும் ஒத்திருக்கிற போலி முகவரியை உங்கள் பரிமாற்ற வரலாற்றுப் பட்டியலில் நுழைக்கிற தந்திரம் நடக்கிறது, அதனால் நடு எழுத்துகளையும் பாருங்கள். டாலர் வில்லை என்றால் எந்த வலையமைப்பு என்று பாருங்கள். ட்ரான் முகவரி ‘டி’யில் தொடங்கும், எத்தீரியம் முகவரி சுழியும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். சிறு தொகை வந்து ஆறு தொகுதிகள் கடந்ததும், பிட்காயினில் சுமார் ஒரு மணி நேரம், மிச்சத்தை அனுப்பலாம். பத்துப் பத்தாகப் பிரிக்காதீர்கள். எடுப்புக் கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முறைக்கும் பிடிப்பார்கள்.

வேறு செயலியில் விதையை ஏற்றி ‘0’ என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரே விதை, செயலி வேறு கிளையில் தேடுகிறது. முகவரி வகையை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

அனுப்பியவர்: குவாத்தர் போர்ன்
29 டிசம்பர்

‘விதை’யில் சின்ன நெருடல். விதை போட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும் என்பதற்கு உறுதி இல்லை. எங்கே நட்டாலும் அச்சு மாறாமல் வருவது கரும்புக் கரணைதான் (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு). கரும்புத் தீவில் இருந்துகொண்டு கரணைச்சொற்கள் என்று சொல்லாமல் விட மனம் வரவில்லை! ஆனால் ‘கரணை’ என்றால் இன்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? விதைச்சொற்களே இருக்கட்டும். தோட்டக்காரர்களும் விதைக்கரணை என்றுதானே சொல்கிறார்கள், விதையை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை.

தாளைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். புயல் காலம் இது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தன. மைப்பேனா நனைந்தால் கரைந்துவிடும், பந்துமுனைப் பேனாவோ பென்சிலோ தாங்கும். கடை ரசீது போன்ற வெப்பத்தாள் சூட்டில் தானாகவே வெளுத்துவிடும். எஃகுத் தகட்டில் பொறித்தால் நல்லது. இரண்டு படி, இரண்டு வீடு.

அனுப்பியவர்: ரோஸ் ஹில்
29 டிசம்பர்

சாவிக்கொத்து, கணக்கு, ஒப்பச்சாவி, சரிபார்ப்புச்சாவி, விதைச்சொற்கள், இருப்புக் காட்டல், டாலர் வில்லை எல்லாம் ஏற்றாகிவிட்டது. இணையம் தொடாச் சாவிக்கொத்து தலைப்பில் ஒரே வரிக்குள் அடங்கவில்லை. இரண்டு வரியாக விடுகிறேன், குறுக்க மாட்டேன்.

‘பல்ப்’ எடுத்துக்காட்டு முதல் பக்கத்துக்குப் போகிறது. பின்பக்கம் 24 கட்டங்கள் போட்டு, மேலே ‘விதைச்சொற்களை இங்கே எழுதுக’ என்று வரைந்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். சங்க வாசலில் கொடுக்கிற தாளில் விதையை எழுதினால், அது வேறு பத்துப் பேர் மேசையிலும் கிடக்கும். அந்த இடத்தில் புயல் வரிகள் வருகின்றன.

அச்சகம் நாளை காலை 10 மணிக்குக் கேட்டிருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.