அட்டைத் தலைப்புக்கு எந்த ஃபான்ட்? எழுத்தும் உடைகிறது (அவசரம்)

கிணற்றடி:
நாளை காலை அட்டையை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தலைப்புக்கு நல்ல ஃபான்ட் ஒன்று சொல்லுங்கள். வைத்துப் பார்த்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. எழுத்தும் உடைகிறது. அச்சகத்தில் கொடுத்த ஃபான்ட்களைப் போட்டால் ஒன்றுமே மாறவில்லை. என் சொந்தச் செலவில் வரும் முதல் புத்தகம், சீக்கிரம் உதவுங்கள்.

தாளும் மையும்:
நாவலா, கவிதையா? தலைப்பு என்ன? எந்த மென்பொருள்? அச்சுக்கு மட்டுமா, கிண்டிலுக்கும் சேர்த்தா?

வடகரை:
ஃபான்ட் கரப்ட் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழைய வரிசை:
தம்பி, 'உடைகிறது' என்றால் யாருக்கு என்ன புரியும்? ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும் என்றுகூடவா சொல்லித் தர வேண்டும்? யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கும் பாமினி என்ற பழைய ஃபான்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அட்டை வேலையில் இறங்கிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் ஏற்கெனவே பதில் எழுதியாயிற்று. தேடிப் படியுங்கள்.

கிணற்றடி:
போட்டோஷாப். நாவல், டெமி அளவு. தலைப்பு 'கொல்லைக் கிணறு'. 'கொ' அடித்தால் க முதலில் வந்து, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. கிண்டிலிலும் போடுவேன்.

வடகரை:
அப்படியானால் இன்க்ஸ்கேப்புக்கு மாறுங்கள். இலவசம், தமிழ் உடையாது.

தாளும் மையும்:
இந்த ராத்திரியில் புது மென்பொருள் எதற்கு? எழுத்து உடைவதும் ஃபான்ட் மாறாததும் வேறு வேறு சிக்கல்.

கொம்பு இடம் மாறுவது போட்டோஷாப் அமைப்பால். டைப் மெனுவில் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பாரகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட். பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் மாற்றிவிட்டு மூடித் திறக்க வேண்டும்.

அச்சகத்தார் தந்தவை பாமினி போன்ற பழைய குறியாக்க ஃபான்ட்களாக இருக்கும். நீங்கள் அடிப்பது யூனிகோடு. அவற்றில் அந்த எழுத்துகள் இல்லாததால் கணினி தன்னிடம் உள்ள ஃபான்டையே காட்டுகிறது.

தேர்வுக்கு வருவோம். உங்கள் தலைப்பில் ண இருக்கிறது, இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன. ரொம்பத் தடித்த ஃபான்டில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ரொம்ப மெலிந்ததில் போன் திரையில் புள்ளி காணாமல் போகும். கிண்டில் அட்டையை 2560 x 1600 பிக்சலில் செய்தாலும் வாசகர் முதலில் பார்ப்பது கட்டைவிரல் அளவில்தான். அனெக் தமிழில் அகலம், தடிமன் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். நோட்டோ செரிஃப் தமிழும் நாவலுக்குப் பொருந்தும். இரண்டும் திறந்த உரிமம், விற்கும் புத்தகத்துக்கும் தடையில்லை. இரண்டு வரியாகப் பிரியுங்கள். மேல் வரியில் கீழே இறங்கும் எழுத்து இல்லை என்பதால் வரிகளை நெருக்கலாம். 'கி'யின் மேல்விலங்கு மட்டும் முட்டாமல் பாருங்கள்.

வடகரை:
கதை எந்தக் காலம்? 1950கள் என்றால் லை-யைப் பழைய தும்பிக்கை வடிவில் போடுங்கள், கொம்பு தும்பிக்கை போல வளைந்து ல-வோடு ஒட்டியிருக்குமே, அது. பார்த்தவுடன் காலம் தெரிந்துவிடும்.

பழைய வரிசை:
வேண்டவே வேண்டாம். பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் அந்த வடிவத்தை மாற்றிக் காட்டினார். தமிழ்நாடு அரசும் 1978இல் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் படித்த பிள்ளைகள் அட்டையிலேயே தடுமாறவா?

மஞ்சள் பை:
என் அம்மா மளிகைச் சீட்டில் இன்றைக்கும் அந்த லை-தான் எழுதுகிறார். நான் தடுமாறியதில்லை. அட்டை என்ன பாடநூலா?

பழைய வரிசை:
வீட்டுச் சீட்டும் அச்சும் ஒன்றல்ல. சீர்திருத்தம் வந்ததற்கு அச்சுக்கோப்பவர் கஷ்டமும் ஒரு காரணம்.

தாளும் மையும்:
சண்டைக்கு நடுவே ஒரு விஷயம்: யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான், தோற்றம் ஃபான்டைப் பொறுத்தது. பழைய லை வேண்டுமென்றால் எழுத்தை ஷேப்பாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றிய பின் கையால் வரைய வேண்டியிருக்கும். எப்படியும் அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் தலைப்பு ஷேப்பாக இருப்பது நல்லது, அவர்கள் கணினியில் மாறாது. தாளை வெட்டும்போது போவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் இடமும் விடுங்கள்.

கிணற்றடி:
'கொ' சரியாகிவிட்டது. அனெக் தமிழ், போல்டு, இரண்டு வரி. கோப்பு அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

மஞ்சள் பை:
லை எந்த வடிவம்?