கள்ளிப்பூ ராணி கலர்ல ஒரே திட்டா வருது, இதழே தெரியல. அவசரம், உதவுங்க

மணல்மேடு:
அரிசோனா, டூசான் பக்கம் சவாரோ நேஷனல் பார்க்ல எடுத்த படம். ஹெட்ஜ்ஹாக் கள்ளி. கேமராத் திரையில நல்லாத்தான் இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல திறந்தா பெயின்ட் அப்பின மாதிரி ஒரே திட்டு. இதழ்ல இருக்கிற கோடு, மடிப்பு எதுவுமே இல்ல. ஹைலைட்ஸை -100 வரைக்கும் இழுத்தாச்சு, அசையல. முள்ளு ஓரத்துல ஊதாக் கோடு வேற. ராத்திரிக்குள்ள பிரிண்டுக்கு அனுப்பணும். என்ன பண்ண?

தும்பை_23:
ராவா (கேமரா பதிஞ்ச டேட்டா அப்படியே இருக்கிற ஃபைல்) ஜேபெக்கா (கேமராவே சுருக்கி முடிச்ச படம்)? என்ன லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ்? எத்தனை மணி வெயில்? எதுல எடிட் பண்றீங்க? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

நிழல்வேட்டை:
போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ்ல மாட்டித் திருப்புற ஃபில்டர்) போடலையா ப்ரோ? கள்ளிப்பூ இதழ் பளபளன்னு இருக்கும், வெயில் பட்டா மேல ஒரு பளிச்சு படரும், அதான் இதழை மறைக்குது. போலரைசரைத் திருப்பினா போயிடும். நாகதாளி, ஆனைக்கற்றாழை எதுக்கும் இதேதான்.

ஒளிமானி:
மறுபடியும் போலரைசரா? பளபளப்பு மறைத்திருந்தால் திட்டு வெள்ளையாக இருக்கும். இவர் சொல்வது நிறம் நிறைந்த திட்டு. சிவப்புச் சானல் (படத்தில் சிவப்பின் அளவு) உச்சமான 255-இல் முட்டி நிற்கிறது, அவ்வளவுதான். பூ எடுக்கக் கிளம்பும் முன் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே பல முறை எழுதியாயிற்று.

மணல்மேடு:
கேனான் ஆர்10, 100 மேக்ரோ. எஃப்5.6, 1/500, ஐஎஸ்ஓ 200. காலை பத்தரை, நல்ல வெயில். ஒயிட் பேலன்ஸ் க்ளவுடி, வெதுவெதுப்பான கலர் வேணும்னு வெச்சேன். ஹிஸ்டோகிராம் பார்த்தேன் சார், நடுவுலதான் இருந்துச்சு. ரா, ஜேபெக் ரெண்டும் இருக்கு. இப்ப எடிட் பண்றது ஜேபெக். லைட்ரூம்.

தும்பை_23:
அப்ப விஷயம் முடிஞ்சது, ஜேபெக்கை மூடி வெச்சிடுங்க. அதுல சிவப்பு ஒருதடவை 255 ஆயிட்டா, ஹைலைட்ஸ் ஸ்லைடர் இழுக்குறதுக்கு அங்க எதுவும் மிச்சம் இல்ல.

ஹிஸ்டோகிராம் நடுவுல இருந்ததுக்குக் காரணம் இருக்கு. நீங்க பார்த்தது ப்ரைட்னெஸ் ஹிஸ்டோகிராமா இருக்கும். அந்தக் கணக்குல பச்சைக்குத்தான் பெரிய பங்கு, சிவப்புக்குக் கால்வாசி சுமார், நீலத்துக்கு அதுக்கும் கம்மி. ராணி கலர்ல பச்சை ரொம்பக் குறைவு. அதனால சிவப்பு வழிஞ்சாலும் வரைபடம் நடுவுல சமத்தா உட்கார்ந்திருக்கும். மெனுல அதை ஆர்ஜிபிக்கு மாத்துங்க, சிவப்பு மட்டும் வலது ஓரத்துல முட்டுறது கண்ணுல படும்.

எக்ஸ்போஷரும் அதிகம். நேர் வெயிலுக்கு எஃப்16, ஐஎஸ்ஓ 200-ன்னா 1/200. எஃப்5.6-க்கு அது 1/1600. நீங்க 1/500, ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல அதிகம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). மேக்ரோ கிட்டப் போகும்போது தின்னுற வெளிச்சத்தைக் கழிச்சாலும் ஒரு ஸ்டாப் மிச்சம். பின்னாடி கருங்கல்லா இருந்தா மீட்டர் அதை நம்பி ஏத்தியிருக்கும். க்ளவுடி வேற சிவப்பை இன்னும் தூக்கிடுச்சு.

ரா ஃபைல்ல இந்த வரிசையில போங்க:
ஒயிட் பேலன்ஸ் டேலைட். ப்ரொஃபைலை அடோபி கலர்ல இருந்து அடோபி நியூட்ரலுக்கு மாத்துங்க, பாதி இதழ் இங்கயே திரும்பிடும். எக்ஸ்போஷர் -0.7ல ஆரம்பிங்க. அப்புறம் எஸ் கீ அமுக்கி சாஃப்ட் ப்ரூஃப் (எக்ஸ்போர்ட்ல எப்படி வரும்னு முன்கூட்டியே காட்டுறது), அதுல எஸ்ஆர்ஜிபி கலர் ஸ்பேஸ் (காட்டக்கூடிய நிறங்களோட எல்லை). லைட்ரூம் உள்ளுக்குள்ள அதைவிட ரொம்ப அகலமான கலர் ஸ்பேஸ்ல வேலை செய்யுது. அங்க அடங்கின நிறம் எக்ஸ்போர்ட்ல அடங்காம மறுபடி திட்டாகும். எச்சரிக்கை காட்டுற இடம் மறையற வரைக்கும் மெஜந்தா சாச்சுரேஷனை -20, -30ன்னு குறைங்க, லூமினன்ஸை -10. கடைசியா டெக்ஸ்சர் +15, பூவுக்கு மட்டும் மாஸ்க் போட்டு.

நிழல்வேட்டை:
போலரைசர் போட்டிருந்தா ஒன்றரை ஸ்டாப் தானா குறைஞ்சிருக்குமே, அதையும் சொல்லுங்க.

ஒளிமானி:
கேமரா தானியங்கி மோடில் இருந்தால் அந்த ஒன்றரை ஸ்டாப்பை உடனே ஈடுகட்டிவிடும். மேலும் போலரைசர் நிறத்தின் செறிவைக் கூட்டும். செறிவு மிஞ்சியதே இங்கே நோய்.

வேலிப்பருத்தி:
ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. தண்டுக்கும் இலைக்கும் போலரைசர் நல்லது, இந்தப் பூவுக்கு வேண்டாம். வெள்ளைக் குடையை வெயிலுக்குக் குறுக்கே பிடிச்சா பூவுல வெளிச்சம் பரவி விழும், மடிப்பு தெரியும். குடை பிடிக்கிறவர் பின்னாடி பார்த்து நிக்கணும். சோயா (cholla) கள்ளின்னு ஒரு முள்ளுக் கள்ளி, அதோட துண்டு காலில் ஒட்டிக்கிட்டா கையால பிடுங்காதீங்க, ஒரு சீப்பை நடுவுல விட்டுத் தள்ளணும்.

ஊதாக் கோட்டைப் பத்தி யாரும் சொல்லல. ஃபோகஸுக்கு முன்னால இருக்கிற முள்ளுல ஊதா, பின்னால இருக்கிறதுல பச்சை, அப்படித்தானே? வெள்ளை முள்ளு, கறுப்புப் பின்னணின்னா நல்லாவே காட்டும். எஃப்8, எஃப்11 போனா குறையும். இப்போதைக்கு டீஃப்ரிஞ்ச் (ஓரத்து ஊதா, பச்சையை எடுக்கிற ஸ்லைடர்). ஆனா லென்ஸ் கரெக்ஷன் பேனல்ல இருக்கிறதைத் தொடாதீங்க: அது மொத்தப் படத்துலயும் ஊதாவைத் தேடும், உங்க பூவும் அதே நிறம், இதழ் ஓரமெல்லாம் சாம்பலாயிடும். மாஸ்க் ப்ரஷ் எடுத்து முள்ளு மேல மட்டும் டீஃப்ரிஞ்சைக் கூட்டுங்க.

ஒளிமானி:
இது சரி.

செம்மண்காடு:
ரா இல்லாம ஜேபெக் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு: சிவப்பு போனாலும் பச்சைச் சானல்ல இதழ் அப்படியே இருக்கும். ஃபோட்டோஷாப்ல பச்சைச் சானலை காப்பி பண்ணி மேல லேயரா ஒட்டி, லூமினாசிட்டி மோடு, 30% ஒப்பாசிட்டி. பூவுக்கு மட்டும் மாஸ்க். அதுக்கு மேல ஏத்தினா பூ கறுத்துடும்.

ஒண்ணு கேக்கணும். ஹெட்ஜ்ஹாக் கள்ளியில அது எங்கல்மன்னி இனமா, ஃபாசிகுலாடஸ் இனமா? கலரை இப்படிக் குறைச்சிட்டு இனம் பேர் போட்டா தப்பாகாதா?

வேலிப்பருத்தி:
பூ நிறத்தை வெச்சு அது ரெண்டையும் பிரிக்கவே முடியாதுங்க. முள்ளைப் பாருங்க. ஒவ்வொரு கொத்து நடுவுலயும் ஒரு முள்ளு மட்டும் தனியா நீண்டிருந்தா ஃபாசிகுலாடஸ். தடிச்ச நடுமுள்ளு நாலஞ்சு, கீழ இருக்கிறது தட்டையா கத்தியாட்டம் இருந்தா எங்கல்மன்னி.

செம்மண்காடு:
இளசுல அந்த முள்ளு நம்பற மாதிரி இருக்காதே. இடத்தையும் சேர்த்துப் பார்க்கணும், டூசானைச் சுத்தி ஃபாசிகுலாடஸ்தான் அதிகம்.

மணல்மேடு:
நியூட்ரல் ப்ரொஃபைல் போட்டதுமே இதழ் கோடு வந்துடுச்சு. மெஜந்தா -25ல எச்சரிக்கை போயிடுச்சு. முள்ளுக்கு ப்ரஷ் போட்டாச்சு. அனுப்பிட்டேன், நன்றி.

செம்மண்காடு:
முள்ளு தெரியற மாதிரி ஒரு க்ளோசப் போடுங்க.

தும்பை_23:
பிரிண்ட் கைக்கு வந்ததும் பூ எப்படி இருக்குன்னு சொல்லுங்க. கடையில அவங்க ஆட்டோ கரெக்ஷன் போட்டா சாச்சுரேஷன் மறுபடி ஏறிடும். அதை நிறுத்தச் சொல்லி ஒரு போன் பண்ணிடுங்க.