சன் கானூர் ஓயாமல் கத்துகிறது: அடுக்குமாடி வீட்டில் என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி (கேள்வி)

சன் கானூர் (சிறு கிளி வகை), 14 மாதம், எடை 112 கிராம். சென்னையில் அடுக்குமாடி வீடு. கூண்டு 2 அடிக்கு 2 அடி, உயரம் 3 அடி. ஹாலில் பால்கனிக் கதவை ஒட்டி வைத்திருக்கிறோம். காலையிலும் பொழுது சாயும்போதும் கத்தும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அது பெரிய தொல்லை இல்லை. யாராவது ஹாலைவிட்டு எழுந்து போனால்தான் சிக்கல். திரும்பி வரும்வரை நிறுத்துவதே இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கூண்டின்மேல் போர்வை போட்டோம், அதட்டினோம், தண்ணீர் ஸ்ப்ரே அடித்தோம். வரவரக் கூடுகிறது. சாப்பாடு சூரியகாந்தி விதை, தினை, கொஞ்சம் ஆப்பிள். இன்னொன்று வாங்கி ஜோடி சேர்த்தால் அடங்குமா?

சிறகுவிரி

காலை, மாலைக் கத்தலை விட்டுவிடுங்கள். அது கூட்டமாக வாழும் பறவையின் இயல்பு, அதை நிறுத்தவும் முடியாது. நீங்கள் எழுந்து போனதும் வருவது வேறு: "எங்கே இருக்கிறாய்?" என்ற அழைப்பு. காட்டில் கூட்டத்தைவிட்டு விலகிய பறவை பதில் குரல் கேட்கும்வரை கூப்பிடும். இங்கே கூட்டம் நீங்கள்தான். அதட்டினால் அதன் காதில் விழுவது பதில் குரல். போர்வையோடு ஓடி வந்தாலும் நீங்கள் வந்துவிட்டீர்கள். ஆகக் கத்தினால் ஆள் வரும் என்று நாள்தோறும் அதற்குப் பாடம் நடக்கிறது.

அழைப்பை அடக்கப் பார்க்காமல், அழைக்கும் ஒலியை மாற்றுங்கள். அது ஏற்கெனவே எழுப்பும் மெல்லிய ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: சின்னச் சீட்டி, முத்தச் சத்தம், எதுவானாலும். அந்த ஒலி வந்த ஓரிரு நொடிக்குள் அதே ஒலியால் பதில் சொல்லுங்கள், ஒரு சூரியகாந்தி விதை கொடுங்கள். இதற்காகவே கிண்ணத்திலிருந்து சூரியகாந்தியை எடுத்துவிடுங்கள். கையிலிருந்து மட்டும் கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு. அடுத்த அறையில் இருந்தாலும் சீட்டி கேட்டால் சீட்டியால் பதில் கொடுங்கள்.

கூடவே, பிரிந்து போவதைப் பழக்குங்கள். எழுந்து வாசல்வரை போய் 2 நொடியில் திரும்புங்கள், அது வாய் திறக்கும் முன்பே. பிறகு 5 நொடி, 10, 20. நடுவில் மறுபடி 5. நேரம் கூடிக்கொண்டே போனால் பறவை அதையும் கணித்துவிடும், அதனால் கலந்து செய்யுங்கள். கத்திவிட்டால் நேரத்தை அதிகமாக நீட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 3 நொடி மௌனம் கிடைக்கும்வரை காத்திருந்து உள்ளே வந்து, அடுத்த முறை பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும்.

ஸ்ப்ரேயைத் தண்டனையாக்காதீர்கள். குளியல் அதற்குப் பிடித்தமானதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகுப் பராமரிப்பே கெடும்.

வேப்பமரத்தடி

மேலே சொன்ன பயிற்சி சரிதான். ஆனால் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாத பறவையிடம் அது பலிக்காது.

ஹாலில் கூண்டு என்றால் டிவி எத்தனை மணிவரை ஓடுகிறது? 11 மணிக்கு விளக்கணைத்து 6 மணிக்கு விடிந்தால் 7 மணி நேரத் தூக்கம்தான். இதற்கு 10 முதல் 12 மணி நேர இருட்டு வேண்டும். 7 மணிக்கே சத்தமில்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள், தூங்க மட்டும் ஒரு சின்னக் கூண்டு போதும். நம்மூர்ப் புழுக்கத்தில் கனத்த போர்வை வேண்டாம். மெல்லிய பருத்தித் துணி, ஒரு பக்கம் திறந்து.

நீண்ட வெளிச்சம், கொழுப்பு மிகுந்த விதை இரண்டும் இனப்பெருக்க உணர்வையும் கிளப்பும், அதுவும் கத்தலாகத்தான் வெளிவரும். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவ வேண்டாம், தலையும் கழுத்தும் போதும். கூண்டில் தொங்கும் துணிக்கூடு, பெட்டி ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெல்லட் (பறவைக்கான உருண்டைத் தீவனம்), முருங்கைக்கீரை, கேரட், குடைமிளகாய், முளைகட்டிய பச்சைப்பயறு பக்கம் மெல்ல நகர்த்துங்கள். முளைப்பயறை 2 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், வெயிலில் கெட்டுப்போகும். விதையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். புது உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. மாற்றும் காலத்தில் தினமும் காலையில் எடை பாருங்கள், சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஆப்பிள் கொடுத்தால் விதையை நீக்குங்கள். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது.

சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் 10 நிமிடத்தில் தின்று முடித்து நாள் முழுக்கச் சும்மா இருக்கும். பாதியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டியும், பாக்குமட்டைத் துண்டில் துளையிட்டுச் செருகியும், தென்னை ஓலைப் பின்னலுக்குள் ஒளித்தும் கொடுங்கள். நீங்கள் வெளியே கிளம்பும்போது கொடுத்தால் இன்னும் நல்லது. பிரிந்த நூல் கயிறு வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும்.

மூன்றாம்மாடி

நான்காவது நாள். நேற்று 25 நிமிடம் விடாமல் கத்தியது, முன்பைவிட மோசம். பாட்டி பொறுக்காமல் போய்க் கொய்யாத் துண்டு கொடுத்துவிட்டார். தவறான வழியில் போகிறோமா?

சிறகுவிரி

இல்லை, எதிர்பார்த்ததுதான். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காவிட்டால் முதலில் இன்னும் ஓங்கிக் கத்திப் பார்க்கும், பிறகுதான் விடும். சிக்கல் அந்தக் கொய்யாவில். 25 நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும். பாட்டியைத் தடுக்க வேண்டாம், பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டிக்குக் கொய்யா கொடுப்பவர் அவராகவே இருக்கட்டும். 25 நிமிடம்வரை போக விடாதீர்கள். பிரியும் நேரத்தை 5 நொடிக்கே குறையுங்கள்.

கூண்டுப்பட்டறை

இடத்தை யாரும் சொல்லவில்லை. பால்கனிக் கதவோரம் என்றால் பருந்தும் பூனையும் கண்ணில் படும், அந்த அலறல் வேறு வகை. பின்புறம் சுவர் இருக்கும்படி உள்ளே தள்ளி வையுங்கள், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவராக இருக்கக் கூடாது. சமையலறைப் பக்கமும் வேண்டாம்: நான்-ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கனத்த திரை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. சத்தம் கசிவது கதவு, ஜன்னல் இடுக்குகளில். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

ஜோடி கேட்டீர்கள். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கத்தலாம், சத்தம் இரட்டிப்பாகும். சத்தத்துக்காக ஜோடி சேர்க்காதீர்கள். மாற்றாகப் பச்சைக்கிளி என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். சன் கானூர் வெளிநாட்டுப் பறவை, வளர்க்கலாம். ஆனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வேப்பமரத்தடி

ஒன்று விட்டுப்போனது. கத்தும் பறவை திடீரென்று அமைதியானால் பயிற்சி பலித்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பகலில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருப்பது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, குரல் மாறுவது: இதில் எது இருந்தாலும் அன்றே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். 112 கிராமில் 11 கிராம் குறைந்தாலும் அப்படியே.