சாய்ந்த தரையில் குடியிருக்க முடியுமா?

கூடம்கோணல்:
ஒரு வாரமாக ஒரே ஒரு சர்ச்சின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரான்சில் நெவேர் என்ற ஊர். லூர்து மாதாவைக் கண்ட பெர்னதெத்தின் உடல் வைக்கப்பட்டிருப்பது அங்கேதான். அவர் பெயரிலேயே 1966இல் கட்டி முடித்த சர்ச் இது. வெளியிலிருந்து பார்த்தால் ராணுவப் பதுங்குகுழி மாதிரி மொத்தைக் கான்கிரீட். உள்ளே தரை மட்டமாக இல்லை, இரண்டு சரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

கட்டியவர்கள் கட்டடக் கலைஞர் க்ளோத் பரான், போல் விரிலியோ. விரிலியோ கட்டடக்கலை படித்தவர் அல்ல, கண்ணாடி ஓவிய வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அட்லாண்டிக் கரையோரம் விட்டுப்போன பதுங்குகுழிகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தவர். அவற்றில் சில, அடியில் மணல் நகர்ந்து, ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தன. சர்ச்சின் உருவம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா?

1966இல் இருவரும் ஒரு பத்திரிகை நடத்தினார்கள், ஒன்பது இதழ்கள். அதில் சொன்னது இதுதான்: படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் தீர்ந்துவிட்டன, இனி சாய்வு. சுவர் ஆளைத் தடுக்கும். சரிவும் தடுக்கும், ஆனால் ஏறிக் கடந்துவிடலாம். நடைபாதை வேறு, அறை வேறு என்று பிரிக்கத் தேவையில்லை. ஏறும்போது உடம்புக்கு உழைப்பு தெரியும், இறங்கும்போது கால் தானாக ஓடும். மட்டமான தரையில் இரண்டுமே இல்லாமல் மரத்துப்போய் நடக்கிறோம். எனக்கு இது சரியாகவே படுகிறது.

ரசமட்டம்:
தம்பி, 25 வருடம் சைட்டில் நின்றவன் சொல்கிறேன். சாய்வுக்கு எங்கள் தொழிலில் வாட்டம் என்று பெயர். பாத்ரூமுக்குக் கொடுப்போம், மொட்டை மாடிக்குக் கொடுப்போம். தண்ணீர் ஓடுவதற்கு. மனிதன் ஓடுவதற்கு இல்லை.

சர்ச் சரி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போகிற இடம். வீட்டுக்கு இதைச் சொன்னால் கட்டிலை எங்கே போடுவது? அரிசிப் பானை உருளாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் ஆட்கள் கூடத்தையே கோணலாகக் கட்டிவிட்டு நம்மை ஆடச் சொல்கிறார்கள். அவர்கள் முதலில் அதில் ஒரு மாதம் இருந்து காட்டினார்களா?

கூடம்கோணல்:
இருக்கத்தான் திட்டம் போட்டார்கள் சார்! பாரிஸ் பக்கத்தில் நான்தேர் பல்கலைக்கழக வளாகத்தில், தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் சாய்ந்த தளங்களோடு ஒரு கூடு. அதற்குள் இருவரும் சில வாரம் தங்கி, உடம்பும் மனமும் என்ன ஆகிறது என்று பதிவு செய்வதாக இருந்தது. ஆனால் வருடம் 1968. அந்த நான்தேரில்தான் மாணவர் கலகம் வெடித்தது. திட்டம் அதோடு போயிற்று. விரிலியோ கலகத்தின் பக்கம் போனார், பரான் போகவில்லை. இருவரின் கூட்டும் முறிந்தது.

ஆனால் பரான் விடவில்லை. 1970இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் பிரெஞ்சு அரங்கின் உள்ளே தரையைச் சாய்த்தார். பிறகு நுய்யியில் தன் சொந்த வீட்டையே மாற்றினார். நாற்காலி, சோபா கிடையாது. கார்ப்பெட் விரித்த சரிவுகள்தான் உட்காரவும் சாயவும். குடும்பமே அதில் வாழ்ந்தது.

ரசமட்டம்:
சொந்த வீட்டில் செய்தாரா, சரி, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் 1974க்குப் பிறகு அதே பரான் பிரெஞ்சு மின்வாரியத்துக்கு அணுமின் நிலையங்களை வடிவமைக்கப் போனார் என்பதையும் எழுதுங்கள். அணு உலையைச் சாய்வான தரையிலா வைத்தார்?

லொசான்பையன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சுவிட்சர்லாந்தில் லொசான் தொழில்நுட்பப் பல்கலையில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே ரோலெக்ஸ் கற்றல் மையம் இருக்கிறது, ஜப்பானின் சனா நிறுவனம் வடிவமைத்தது, 2010இல் திறந்தது. சுமார் 166 மீட்டர் நீளம், 121 மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு அறை. தரை அலை மாதிரி ஏறி இறங்கும். நூலகமும் உணவகமும் ஒரே கூரைக்குக் கீழ். நடுவே தடுப்புச் சுவர் இல்லை, ஒரு மேடு இருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் பேசுகிறவன் கண்ணில் படமாட்டான், சத்தமும் குறைந்துவிடும். பரான் சொன்ன ‘ஏறிக் கடக்கிற தடுப்பு’ இதுதானே.

பரீட்சை நேரத்தில் சரிவில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துத்தான் படிப்போம். பிடித்திருந்தது. ஆனால் ரசமட்டம் சார் சிரிப்பார்: சரிவு கூடுதலான இடங்களில் மேசை போடுவதற்கு மட்டமான மேடைகள் கட்டியிருக்கிறார்கள்.

ரசமட்டம்:
சிரித்துவிட்டேன்.

நாலுசக்கரம்:
நீங்கள் எல்லோரும் காலை வைத்துப் பேசுகிறீர்கள். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். ஊரில் எல்லா அலுவலகத்திலும் ‘சாய்தளம் போடுங்கள்’ என்று மனு கொடுப்பதே எங்கள் ஆட்கள்தான். ஆக சாய்வுக்கு நான் எதிரி இல்லை.

கணக்கு மட்டும் பாருங்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அதுதான் அளவு. ஒரு மாடி, மூன்று மீட்டர் ஏற 36 மீட்டர். இடையில் மூச்சுவிட மட்டமான தளங்கள் வேறு. எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நாலடி நீளத்தில் ஒரு சாய்தளம் போட்டார்கள். அதில் பைக் ஏறுகிறது, நான் ஏறவில்லை. பரான் வரைந்த சரிவுகள் இதைவிடச் செங்குத்து. கைப்பிடி இல்லாத மலை அது.

கூடம்கோணல்:
அக்கா, நியாயம். ஆனால் அந்தச் சிந்தனையின் நோக்கமே சுகமான தரையால் மந்தமாகிப்போன உடம்பை எழுப்புவது. ஜப்பானில் அரகாவா, மேடலின் ஜின்ஸ் என்ற இருவர் 2005இல் மிதாகாவில் ஒன்பது வீடுகள் கட்டினார்கள். தரை முழுக்க மேடு பள்ளம், நடக்கும்போது பாதம் யோசித்தே ஆக வேண்டும். அவற்றை ஹெலன் கெல்லர் நினைவுக்குத்தான் அர்ப்பணித்தார்கள். அப்படி வாழ்ந்தால் சாவையே தள்ளிவிடலாம் என்றார்கள்.

ரசமட்டம்:
அரகாவா 2010இல் போய்விட்டார், ஜின்ஸ் 2014இல். சும்மா சொல்லி வைக்கிறேன்.

நாலுசக்கரம்:
சார், அது வேண்டாமே. செத்தவர்களைக் கிண்டல் செய்து என்ன ஆகப்போகிறது.

தம்பி, உடம்பை எழுப்புவது என்றீர்கள். என் உடம்பு தூங்கினால்தானே எழுப்ப? மூன்று அங்குல வாசற்படி போதும், என் நாள் முழுக்க அதைச் சுற்றியே ஓடும். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தரையைத்தான் பார்ப்பேன். பரானும் விரிலியோவும் 1966இல் கண்டுபிடித்தது எனக்குத் தினமும் தெரிந்த விஷயம்: தரை சும்மா கிடப்பதில்லை, யார் எங்கே போகலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறது. அதைச் சொன்ன வரைக்கும் அவர்கள் பக்கம் நிற்பேன். சொல்லிவிட்டு, ஏறக்கூடிய காலுள்ளவனுக்கு மட்டும் வரைந்தார்களே, அங்கேதான் கோபம்.

கூடம்கோணல்:
பதில் எழுதி எழுதி அழிக்கிறேன் அக்கா. நெவேர் சர்ச்சை 2000இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், இனி அந்தத் தரையை யாரும் லேசில் மாற்ற முடியாது. அது எனக்கு நேற்றுவரை சந்தோஷமான செய்தியாக இருந்தது.

ரசமட்டம்:
சர்ச் இருக்கட்டும். லொசான் தம்பி, அந்த நூலகத்தில் அக்கா எப்படிப் போவார்?

லொசான்பையன்:
சரிவோடு சேர்ந்து சாய்வாகவே ஏறுகிற சின்ன லிஃப்ட்கள் வைத்திருக்கிறார்கள் சார். மலை ரயில் மாதிரி.

நாலுசக்கரம்:
நானே பட்டனை அழுத்திப் போகலாமா, இல்லை யாராவது சாவியோடு வர வேண்டுமா?

லொசான்பையன்:
என் தோழி இன்னும் அங்கேதான் படிக்கிறாள். கேட்டுச் சொல்கிறேன் அக்கா.