வெப்பத்திலும் மணக்கும் பழைய ரோஜா: ஆலோசனை வேண்டும்

வணக்கம். என்னிடம் இருப்பது 1843-ஆம் ஆண்டின் 'சூவனிர் த லா மால்மெசோன்' என்ற ரோஜா ரகம். மொட்டு கொழுகொழுவென்று வருகிறது. காற்றில் ஈரம் கூடினால் வெளியிதழ்கள் பழுப்பேறி ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கிறது. அந்த இதழை நகத்தால் உரித்துவிட்டால் உள்ளே வெளிர் இளஞ்சிவப்பு, மணமும் அபாரம். எத்தனை மொட்டைத்தான் உரிப்பது? காலை வெயிலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றினால் சரியாகுமா?

காலிக்கா, ஆல்பா என்னும் பழைய ஐரோப்பிய ரோஜா வகைகள் குளிர்காலம் கேட்பவை, அவை வேண்டாம். டீ ரோஜா என்ற பழைய வகையைச் சேர்ந்த 'தூஷெஸ் த பிரபான்' வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா? கடும் வெயிலில் மணம் நிற்கிறதா? டீ ரோஜாவை ஒட்ட வெட்டக் கூடாது என்கிறார்கள். நீங்கள் எவ்வளவு கவாத்து செய்கிறீர்கள்? மணமில்லாத புது ரகங்களைத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள்.