புதுப்பிப்பு: 12 மீட்டர் கம்பி லோடு வந்து சேர்ந்தது

கட்டுமானத்துக்கான 12 மீட்டர் நீள இரும்புக் கம்பிகளை 40 அடி கன்டெய்னரில் அனுப்புவதா, திறந்த டிரெய்லரிலா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிரெய்லரில்தான் அனுப்பினோம், நேற்று லோடு இறங்கியது.

கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 12.03 மீட்டர். கம்பி நுழையும்தான், ஆனால் கதவு வழியாக நீளவாக்கில் தள்ளி ஏற்றுவது பெரும்பாடு. டிரெய்லரில் கிரேன் மேலிருந்தே தூக்கிவிடுகிறது. நடுவில் ஒரே பிடியில் தூக்காதீர்கள், கம்பிக் கட்டு வளைந்து தொங்கும். இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. வழியில் ஒரு கட்டு தளர்ந்து, நான்கைந்து கம்பிகள் முன்னால் நகர்ந்திருந்தன. முன்தடுப்பு இருந்ததால் ஓட்டுநர் கேபினைத் தொடவில்லை. குறுக்கே சங்கிலி போட்டு இறுக்கினால் போதும் என்று நினைத்தது என் தவறு. திடீரென்று பிரேக் போட்டால் கம்பி நீளவாக்கில்தான் வழுக்கும். அடியில் மரக்கட்டை, முன்னால் உறுதியான தடுப்பு, பாதி தூரத்தில் நிறுத்திச் சங்கிலியை மறுபடி இறுக்குவது, மூன்றும் வேண்டும்.

அப்புறம் எடை. விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளமுள்ள 16 மி.மீ. கம்பி ஒன்று கிட்டத்தட்ட 19 கிலோ. எடைமேடைச் சீட்டோடு ஒத்துப்போனது. மேலாக லேசான துரு, செதில் எதுவும் உதிரவில்லை, பயன்படுத்தலாம்.