அந்த 1890 எத்தனை வாட்டில் வந்தது?

வெப்பக்குழாய்:
நேற்று இந்த மன்றத்தின் இன்னோர் இழையில் அதிவேகன் அவர்கள், தம்முடைய லேப்டாப்பில் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 என்ற என்விடியா கிராபிக்ஸ் அட்டையை ஓவர்கிளாக் செய்து (அதாவது, நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி) 1890 மெகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டதாகவும், ஆகவே டெஸ்க்டாப் 3060 வாங்குகிறவர்கள் பணத்தை ஆற்றில் கொட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. லேப்டாப்புக்கான 3060-க்கு என்விடியா வகுத்தது 60 முதல் 115 வாட் வரையிலான வரம்பு. அதில் லேப்டாப் தயாரிப்பாளர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்பப் பூஸ்ட் கிளாக் (அறிவிக்கப்பட்ட ஏறுவேகம்) 1283-இலும் நிற்கும், 1703-இலும் நிற்கும். டெஸ்க்டாப் அட்டைக்கு 170 வாட். எனவே ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: அந்த 1890 எத்தனை வாட்டில் வந்தது?

அதிவேகன்:
அட்டையின் வேகத்தைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளின் திரையில் 1890 என்று இருந்தது. கண்ணால் பார்த்ததை எழுதினேன். லேப்டாப் 3060-இல் 3840 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), டெஸ்க்டாப் 3060-இல் 3584 மட்டுமே. கோர்களை இரண்டால் பெருக்கி, அதைக் கிளாக்கால் பெருக்கினால் என்னுடையது 14.5 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடிக் கணக்குகள்), டெஸ்க்டாப் அட்டை அதன் 1777 மெகாஹெர்ட்ஸில் 12.7. வாட் கணக்கு மின்வாரியத்துக்கு வேண்டிய தகவல், எனக்கு வேண்டியதில்லை.

வெப்பக்குழாய்:
பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது, பெருக்கியவர்தான் சரியில்லை. டெஸ்க்டாப் அட்டைக்கு மட்டும் பெட்டியில் அச்சிட்ட 1777-ஐ வைத்துக்கொண்டு, தமக்குத் திரையில் ஒரு கணம் மின்னி மறைந்த 1890-ஐ வைத்துக்கொள்வது எந்த ஊர்த் தராசு? நல்ல காற்றோட்டமுள்ள டெஸ்க்டாப்பில் அந்த அட்டையும் 1777-ஐத் தாண்டித்தான் ஓடும். பத்தாண்டு பழைய விளையாட்டு ஒன்றைத் திறந்து வைத்தால் அட்டைக்கு வேலை குறைவு, இழுக்கும் மின்சாரமும் குறைவு, கிளாக் தானாகவே மேலே ஏறும். கனமான விளையாட்டில், ஒளிக்கதிர் (ரே டிரேசிங்) அமைப்புகளையும் போட்டு, அரை மணி நேரம் கழித்து எண்ணைப் பாருங்கள். மீண்டும் கேட்கிறேன்: அந்த 1890 எத்தனை வாட்டில் வந்தது?

வளைகோடு:
இருவருமே ஓவர்கிளாக் என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். ஆஃப்டர்பர்னரில் கூட்டல் 150 என்று போடும்போது மின்னழுத்தத்துக்கும் கிளாக்குக்கும் இடையேயான கோடு முழுவதுமே மேலே நகர்கிறது. அதாவது முன்பு இருந்த அதே மின்னழுத்தத்தில் கூடுதல் கிளாக் கிடைக்கிறது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், வாட் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும் லேப்டாப்பில்கூட இந்த வழியில் ஓரளவு உண்மையான ஆதாயம் உண்டு. ஆகவே, வரம்பு இருக்கும்போது ஓவர்கிளாக்கே வீண் என்பதும் சரியில்லை.

அதிவேகன்:
கேட்டீர்களா, வெப்பக்குழாய் அவர்களே? விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லிவிட்டார். 1890.

வெப்பக்குழாய்:
வீண் என்று நான் எந்த வரியில் எழுதினேன் என்பதை வளைகோடு காட்டட்டும். போன மாதம் தெர்மல் பேஸ்ட் இழையிலும் இப்படித்தான், நான் சொல்லாததை என் வாயில் திணித்துவிட்டு, பிறகு ஆளையே காணவில்லை. அவர் சொன்ன ஆதாயத்தை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் 115 வாட் அட்டைக்குக் கிடைக்கும் அந்தக் கொசுறு, அதை 170 வாட் அட்டையாக மாற்றிவிடாது. நினைவகத்தையும் பாருங்கள்: டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, நொடிக்கு 360 ஜிகாபைட், லேப்டாப்பில் 6 ஜிபி, 336 ஜிகாபைட். கோர் எண்ணிக்கையைக் கூவுகிறவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதிவேகன்:
என் நினைவகம் 7000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதையும் ஏற்றுவேன்.

தமிழ்த்துடிப்பு:
ஜிபியூ-இசட் என்ற மென்பொருள் இதே நினைவகத்தை 1750 என்று காட்டும், விளம்பரத்தில் 14 ஜிகாபிட் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அதைவிட முக்கியமாக, நம் மன்றத்தின் பெயர்ப்பலகையில் 'கடிகார வேகம்' என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். இங்கே எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. 'துடிப்பு வேகம்' என்பதே பொருந்தும்.

பழைய980எம்:
உங்கள் சண்டையைப் பார்த்தால் 2015 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த டிரைவரில் (அட்டையை இயக்கும் மென்பொருளில்), 900எம் வரிசை லேப்டாப் அட்டைகளுக்கு ஓவர்கிளாக் வசதியையே என்விடியா பூட்டிவிட்டது. லேப்டாப்பின் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் தகுந்தபடி வடிவமைத்த கருவியில் இந்த வசதி இருந்திருக்கவே கூடாது என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தபின், பிப்ரவரியிலேயே இறங்கி வந்து, அடுத்த மாத டிரைவரில் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். என் 980எம்-இன் பூஸ்ட் 1127 மெகாஹெர்ட்ஸ். அதை நான் 1250 வரை ஓட்டியிருக்கிறேன்.

வெப்பக்குழாய்:
எத்தனை வாட்டில்?

பழைய980எம்:
தம்பி, அந்தக் காலத்தில் நாங்கள் விளையாடினோம்; மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

அதிவேகன்:
இதற்கு மேல் என்ன வேண்டும்? பூட்டியவர்களே பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்றால், ஓவர்கிளாக் பாதுகாப்பானது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் பொருள்.

வெப்பக்குழாய்:
வாடிக்கையாளர்களின் கூச்சலுக்கு இணங்கியதை இயற்பியலுக்குக் கொடுத்த சான்றிதழாக வாசிக்க உங்களால்தான் முடியும். மே மாத மதுரையில், ஏசி இல்லாத அறையில் என்னுடைய லேப்டாப் பத்தே நிமிடத்தில் 87 டிகிரியைத் தொட்டு, 1600-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கோர் ஒன்றுகூடக் குறையவில்லை, வேகம்தான் குறைந்தது. சில லேப்டாப்களில் செயலி (சிபியூ) தன் பங்கிலிருந்து 15 வாட்டை அட்டைக்குக் கடன் கொடுக்கும். செயலிக்கும் வேலை வந்துவிட்டால் அந்தக் கடன் உடனே திரும்பிப் போய்விடும். இத்தனையும் வாட்டில்தான் நடக்கிறது, மெகாஹெர்ட்ஸில் இல்லை. 60 வாட் 3060-உம் 115 வாட் 3060-உம் ஒரே பெயரில் கடையில் விற்கப்படுவதற்குக் காரணமே, உங்களைப் போன்றவர்கள் வாட்டைக் கேட்காமல் வாங்குவதுதான்.

அதிவேகன்:
உங்கள் லேப்டாப் சூடானால் அது உங்கள் தலைவிதி. என்னுடையதன் அடியில் நான்கு ஃபேன் வைத்த கூலிங் பேட் இருக்கிறது.

வளைகோடு:
நான் காணாமல் போகவில்லை. தெர்மல் பேஸ்ட் இழையில் கடைசிப் பதிவே என்னுடையதுதான். அதற்கு நீங்கள்தான் இன்னும் பதில் எழுதவில்லை.

வெப்பக்குழாய்:
அதற்குப் பதில் அங்கே வரும். இங்கே கேட்டதற்கு அதிவேகன் முதலில் பதில் சொல்லட்டும். ஆஃப்டர்பர்னரில் கிளாக், வெப்பம், மின்செலவு மூன்றையும் ஒரே படத்தில் காட்டலாம்; அரை நிமிட வேலை.

அதிவேகன்:
இதோ படம். 1890 என்பது தெளிவாகத் தெரிகிறது. 71 டிகிரி என்பதும் தெரிகிறது.

வெப்பக்குழாய்:
மூன்றாவது வரி பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. பின்னணியில் ஓடுவது விளையாட்டின் முகப்புப் பக்கம்.

அதிவேகன்:
முகப்புப் பக்கத்தையும் கிராபிக்ஸ் கார்டுதான் வரைகிறது.

தமிழ்த்துடிப்பு:
'துடிப்பு வேகம்' குறித்து இதுவரை ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை.